பாதியில் திரும்பக்கூடாதாம்

12 ஜூன் 1979, செவ்வாய்

முட்டி வீங்கிவிட்டது. அண்ணன்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பெண் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓடு, இரண்டு நிமிஷம் நட, மொத்தம் இருபது நிமிஷத்துக்கு மேல் போகாதே என்று பி.டி. டீச்சர் எழுதியே கொடுத்திருந்தார். காலையில் கிரிவலப் பாதையில் அப்படித்தான் ஆரம்பித்தேன். துணைக்குச் சைக்கிளில் வந்த அண்ணன்தான் கெடுத்தான். பத்து நிமிஷத்தில் நான் திரும்பியதும் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினான்.

"மலையச் சுத்த ஆரம்பிச்சுட்டு பாதியில திரும்பக்கூடாது. சாமி குத்தம். முழுசா சுத்திட்டு வா."

"நான் சாமி கும்பிட வரலண்ணா, ஓட வந்தேன்."

"எதுக்கு வந்தா என்ன? பாதை ஒண்ணுதான? முடியலன்னா சொல்லு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ரோஷத்தில் விழுந்தடித்து ஓடினேன், புத்தி கெட்டவள். பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் வருவதற்குள் விலா பிடித்துக்கொண்டது, முட்டியும் போயிற்று. மீதி வழியெல்லாம் இடுப்பில் கைவைத்து நொண்டி நடந்தேன்.

"கிரிவலத்த நிறைமாசக்காரி மாதிரி மெதுவாத்தான் சுத்தணும். இப்பத்தான் சரியா போற" என்று சைக்கிளில் உட்கார்ந்தபடி சிரிக்கிறான்!

இதைச் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியபோதே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

வீக்கம் வடிந்ததும் மறுபடி போவேன். பத்து நிமிஷம் போய்த் திரும்பிவிடுவேன். சாமி கேட்டால் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் துணைக்கு வருவதானால் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வரட்டும்.