முட்டிக்காலனுக்கு நான் போட்ட கையெழுத்து

என் பிரியமுள்ள அமலா அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவர்த்தியோடு வந்து நின்று, ஊர்க்கதை எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுப் போவேன். இந்த வருடம் சொல்ல வேண்டியது வாய்க்குள் சொல்லும் சமாச்சாரம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டு.

உன் முட்டிக்காலன் டிவியில் வந்துவிட்டான், அக்கா. உடனே சந்தோஷப்பட்டுவிடாதே, முழுவதும் கேள்.

மற்றவர்களும் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் காலனிக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் வருடக்கணக்கில் சவுடு மண் எடுத்து லாரி லாரியாகக் கொண்டு போனார்கள். மழை வந்ததும் அந்தப் பள்ளம் நிரம்பியது. கரையிலிருந்து பத்தடிக்கு முட்டிக்கால் தண்ணீர். அதற்கப்புறம் ஜேசிபி செங்குத்தாக வெட்டிய விளிம்பு. அதற்குக் கீழே ஒரு ஆளை நிற்க வைத்து அவன் மேல் இன்னொருவனை நிற்க வைத்தாலும் தலை தெரியாது. 'ஆழமான பகுதி, இறங்காதீர்' என்று ஒரு போர்டு வைத்தார்கள். பிள்ளைகள் அதன் மேல் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குளித்தார்கள்.

உன் டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை அங்கே போய்த் திரும்பவில்லை. அந்த வாரம்தான் நீ எழுத உட்கார்ந்தாய்.

நீ எழுதிய முட்டிக்காலனுக்கு முகம் கிடையாது. பள்ளத்துக்குள் இருப்பான். நமக்குத் தெரிந்தவர்களின் குரலில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். "முட்டிக்கால் தண்ணிதான், வா" என்பான். அவனைக் கண்டுபிடிக்க ஒரே வழி, "எங்க ஊட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று கேட்பது. அவனுக்கு நம் வீட்டு அடுப்பு தெரியாது. நமக்கு எது உயிரோ அதைத்தான் சொல்வான். அப்படிச் சொன்னால் அது அவன்தான், ஓடிவிட வேண்டும்.

மூன்று சின்னப் புத்தகங்கள். முதல் புத்தகத்தை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்தோம். அது வந்த பிறகு கிரிக்கெட் பந்து ஏரிப் பக்கம் போனால்கூடப் பிள்ளைகள் எடுக்கப் போகவில்லை. ஒரு அம்மா உன்னிடம் சண்டைக்கு வந்தார். "பாத்ரூம் போவக்கூட பயந்துக்கினு இருக்கான் டீச்சர், இன்னாத்த எழுதி வெச்சீங்க?" நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "உசுரோட பயந்துக்கினு இருக்கான் இல்ல, உடுங்க." அந்தப் பதிலை அன்று திமிர் என்று நினைத்தேன்.

போன ஜனவரியில் சென்னையிலிருந்து ஒரு சேனல்காரப் பெண் வந்தார். உன் புத்தகங்களைச் சிறுவர்களுக்கான திகில் தொடராக எடுக்கிறார்களாம். முதல் பகுதியை எடுத்து முடித்துவிட்டார்கள், வீட்டார் பார்த்துச் சம்மதித்தால் மீதியையும் எடுப்பார்களாம். உன் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து, "அமலா புக்கு, நீதான் கூட இருந்தவன், நீயே பாத்து முடிவு பண்ணு மச்சான்" என்று சொல்லிவிட்டார். உன் மகள் ஜெனி எங்களோடுதானே இருக்கிறாள், நாலாவது படிக்கிறாள். அவள், நான், என் மனைவி ஸ்டெல்லா, மூன்று பேரும் அந்தப் பெண்ணின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் பகுதி பிரமாதம். முகமே காட்டவில்லை. தண்ணீர் மட்டும் லேசாக அசைகிறது. கூப்பிடுகிற குரல் சாதாரண ஒரு பையனின் குரல், அதுதான் பயம். ஜெனி காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும். கார் பாகம் செய்கிற அதே கம்பெனி, அதே குவாலிட்டி மேஜை. ஷிப்ட் ஆரம்பித்ததும் மெஷினிலிருந்து வருகிற முதல் பீஸை என்னிடம் கொண்டு வருவார்கள். அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுப் பச்சைச் சீட்டு கட்டுவேன். அப்புறம்தான் மெஷின் ஓடும். நடுவில் டூல் மாற்றினால் மறுபடி ஒரு முதல் பீஸ் என் மேஜைக்கு வந்தாக வேண்டும். நேற்றுச் சேர்ந்த டிரெய்னிக்குக்கூட இது தெரியும். பதினெட்டு வருடம் இதே வேலையைச் செய்கிற நான், 'நடுவுல எதையாவது மாத்துனா மறுபடி காட்டுவீங்களாம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் பெயரைத் திரையில் பார்த்த மயக்கம் அது.

தொடர் ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரம் டூல் மாறியது.

முட்டிக்காலனுக்கு முகம் வந்துவிட்டது. நீல உடம்பு, உருண்டைக் கண், கன்னத்தில் குழி. அவன் கெட்டவன் இல்லையாம், தனியாக இருப்பதால் அழுகிறானாம். பிள்ளைகள் முட்டிக்கால் தண்ணீரில் கைகோத்து நின்று மூன்று தரம் அவன் பெயரைச் சொன்னால், பின்னாலிருந்து நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவானாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு அடியாக முன்னால் போனால் கேட்டதைக் கொடுப்பானாம்.

தொடர் எப்படி என்று நீ கேட்பாய். நியாயமாகவே சொல்கிறேன். குழந்தைகள் நன்றாக நடித்திருக்கிறார்கள். பாட்டு காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது, நானே மெஷின் பக்கத்தில் நின்று முணுமுணுத்திருக்கிறேன். எங்கள் மேஜைக்கும் சில சமயம் இப்படி ஒரு பீஸ் வரும். பளபளவென்று இருக்கும், ஆனால் துளை அளவு தப்பாக இருக்கும். வண்டியில் மாட்டினால் பிரேக் பிடிக்காது.

சேனலுக்குப் போன் போட்டேன். அதே பெண்தான் எடுத்தார். "போட்டுக் காட்டினப்போ கொழந்தைங்க அழுதுட்டாங்க சார், அதான் கொஞ்சம் சாஃப்ட் பண்ணோம்" என்றார்.

"அழணும்மா. அதுக்குதாம்மா எங்க அக்கா எழுதுச்சி" என்றேன்.

"முடியறப்போ ஒரு கார்டு போடறோமே சார், தண்ணிகிட்ட போகாதீங்கன்னு."

எனக்கு ஏரிக்கரைப் போர்டு ஞாபகம் வந்தது. அதன் மேல் தொங்கிய சட்டைகளும் ஞாபகம் வந்தன.

அடுத்த வாரத்திலிருந்து ஜெனியின் காலில் ஒரு கோடு பார்த்தேன். முட்டிக்குக் கொஞ்சம் கீழே, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, காய்ந்த சவுடு. கேட்டதற்கு, "ஸ்கூல்ல பைப் ஒடஞ்சி ஒரே சேறு மாமா" என்றாள். அளக்கிறவன் கண் சும்மா இருக்குமா? இரண்டு நாள் கழித்து அந்தக் கோடு ஒரு விரல் மேலே ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை முட்டியைத் தாண்டியிருந்தது. அப்போதே பிடித்து உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். தாயில்லாப் பிள்ளையை அதட்டுவானேன் என்று விட்டுவிட்டேன். என் புத்தியை எதால் அடிப்பது, சொல்.

மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தேன். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து, "ஜெனி இன்னும் டியூஷன்லேர்ந்து வர்லீங்க" என்றாள். டியூஷன் வீட்டில் போய்க் கேட்டால் அவள் அங்கே வரவே இல்லை. பைக்கைக்கூட எடுக்காமல் ஏரிக்கு ஓடினேன்.

கரைமேல் ஏறிப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைகோத்துத் தண்ணீரில் நின்றார்கள். நடுவில் ஜெனி. வெயில் இறங்கியிருந்தது, ஒரு கொக்குகூட இல்லை. மூன்றாவது தரம் பெயரைச் சொல்லி முடித்தார்கள்.

"ஜெனி!" என்று கத்தினேன்.

ஐந்து பேரும் சிரித்தார்கள், அக்கா. "வந்துட்டான்டி! திரும்பாத!" என்று ஒருத்தி கத்தினாள். ஐந்து பேரும் ஒரு அடி முன்னால் வைத்தார்கள்.

"ஏய், நில்லுங்கடா!" என்றேன். இன்னொரு அடி வைத்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் வாய்தான் அவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஜெனிக்கு இடுப்புவரை தண்ணீர். விளிம்புக்கு இரண்டு அடிகூட இருக்காது. இறங்கி ஓடினால் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டு இன்னும் போவார்கள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததே இல்லை.

ஜெனி திரும்பாமலே பேசினாள். "நெஜமா முட்டிக்காலனா இருந்தா சொல்லு. எங்க ஊட்ல இன்னிக்கி இன்னா கொழம்பு?"

டிவியில் அந்தக் கேள்வியே கிடையாது. அது உன் புத்தகத்தில் இருந்த கேள்வி. 

பழவேற்காட்டு நண்டு என்றால் அவளுக்கு உயிர். அவன் நண்டுக் குழம்பு என்றுதான் சொல்வான். அவள் அதைக் கேட்கத்தான் ஆசையாகக் காத்திருக்கிறாள் என்று அவள் தோளைப் பார்த்தே தெரிந்தது.

"நேத்து சாம்பாருதான்டி" என்றேன். "உங்க அத்த சூடு பண்ணிக்கினு இருக்கா."

அவள் தோள் தொங்கிப்போயிற்று. மெதுவாகத் திரும்பினாள். "மாமாவா?" என்றாள். அவள் திரும்பியதும் மற்றவர்களும் திரும்பினார்கள். நான் இறங்கிப் போய் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கரையேற்றினேன். கடைசியில் ஜெனியைத் தூக்கும்போது, "இன்னா கேக்கப் போன அவன்கிட்ட?" என்றேன்.

"அம்மாவ ஒரே ஒருவாட்டி" என்றாள்.

பிள்ளைகளைக் காப்பாற்ற நீ ஒரு பேயை உண்டாக்கினாய். உன் பிள்ளை அந்தப் பேயிடமே உன்னைக் கேட்கப் போனாள். இதற்குக் கையெழுத்துப் போட்டவன் உன் தம்பி. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் கல்லறைப் பக்கமே வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கரையில் ஒரு ஜோடி மிச்சமிருந்தது. நீல ரப்பர் செருப்பு, ஆறு வயதுப் பிள்ளையின் அளவு, ஒரு வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதன் மேல் தூசிகூடப் படிந்திருக்கவில்லை. "யாருது?" என்று கேட்டேன். "எங்க கூட வேற யாரும் வர்ல மாமா" என்றாள் ஜெனி. மற்ற நாலு பேரும் அதையே சொன்னார்கள்.

போன் போட்டதும் தீயணைப்புக்காரர்கள் வந்து நன்றாக இருட்டும்வரை தேடினார்கள், மறுநாள் காலையிலும் கயிறு போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலனி முழுவதும் ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். இரும்பு ஆலைக்குப் பின்னால் வெளிமாநிலத்துக்காரர்கள் தங்குகிற ஷெட்டுக்குப் போனேன். அது காலியாக இருந்தது. வாட்ச்மேன் சொன்னார், "அவங்க காலைலயே வேற சைட்டுக்குப் பூட்டாங்க சார். எத்தினி பசங்க வந்துச்சி, எத்தினி போச்சின்னு யாரு பாத்துக்கினு இருக்கா?" எந்த சைட் என்று அவருக்கும் தெரியவில்லை. எங்கேயோ ஒரு பிள்ளை வெறுங்காலோடு விளையாடிக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். உனக்கு அங்கிருந்து ஏதாவது தெரிகிறதா, அக்கா?

சேனலுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "நீங்கதானே சார் பாத்துட்டு சைன் பண்ணீங்க?" என்றார் அந்தப் பெண். சொல்லும்போது அவர் குரலும் சரியில்லை. மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். தொடர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கெட்ட சரக்கு கம்பெனியைவிட்டுப் போய்விட்டால் எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் போட்டவனே, சரக்கு போன இடத்துக்கெல்லாம் நேரில் போய், ஒவ்வொரு பீஸாக எடுத்துப் பார்த்துச் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். நான் அதைத்தான் ஆரம்பித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் முதல் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, எங்கெல்லாம் சவுடு பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் போகிறேன். கவரைப்பேட்டை முடிந்தது, ஊத்துக்கோட்டைப் பக்கம் இரண்டு ஊர் முடிந்தது. பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, அந்த நீலச் செருப்பை நடுவில் வைத்துவிட்டுத்தான் படிக்க ஆரம்பிப்பேன். யாருடையது என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்வேன். அதற்கப்புறம் ஒருவரும் சிரிப்பதில்லை.

முட்டிக்காலன் பேசுகிற இடங்களை ஜெனிதான் படிக்கிறாள், அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் குரல் அப்படியே உன் குரலாக ஆகிக்கொண்டு வருகிறது, அக்கா. "முட்டிக்கால் தண்ணிதான், வா" என்று அவள் சொல்லும்போது, எல்லாம் தெரிந்த எனக்கே ஒரு கணம் கால் முன்னால் போகப் பார்க்கிறது.

இந்தச் செருப்புக்காரப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று யாராவது வந்து வாங்கிக்கொண்டு போகும்வரை நான் நிறுத்த மாட்டேன். யாரும் வராவிட்டாலும் நிறுத்த மாட்டேன். ஜெனியை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் காலைத் தினமும் பார்க்கிறேன்.

கையெழுத்துப் போட்ட கையாலேயே இதையும் எழுதும்,
உன் தம்பி
சேவியர்