கோர்னெற்றை அறுக்கக் கொடுக்கமாட்டேன்

என் ஆசை அப்பாவுக்கு,

இதை ஒருவருக்கும் காட்டிப்போடாதேங்கோ. உங்களோடு பாண்ட் வாசித்தவர்கள் நீங்கள் வேலைக்குப் போன இடத்தில் இருந்தாலும் காட்டவேண்டாம். அம்மா நித்திரை. ஜாம் போத்தல் விளக்கை மேசைக்குக் கீழே வைத்து எழுதுகிறேன்.

பெரிய வெள்ளி ஊர்வலத்துக்கு உங்கள் பழைய பாண்டைத் திரும்பச் சேர்க்கிறார்கள். கோயில் அலுமாரியில் வெள்ளைக்காரர் காலத்து இசைத்தாள்கள் கிடைத்தன. அந்த இசையை அந்தக் காலத்துக் குழல்களிலேயே ஊதவேண்டும் என்று பங்குச் சுவாமி சொன்னார். அம்மா உங்கள் கோர்னெற்றைக் கொடுத்தா. கோயிலில் கிடந்த மற்ற மூன்று பித்தளைக் குழல்களையும் புளி போட்டுத் தேய்த்தது நான்தான்.

முதல் ஒத்திகைக்குப் பாட்டுக்குழுவை நடத்துகிற மிஸ்டர் ஆர்மோனியத்தோடு வந்தார். குழல்கள் நாலும் ஒன்றோடொன்று சேர்ந்தன, ஆர்மோனியத்தோடு சேரவில்லை. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி எழும்பி, "மிஸ்டர், குழல்களின்ரை சுருதி ஆர்மோனியத்தைவிடக் கூட நிக்குது" என்றேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று நீங்கள் சொல்லித் தந்த மிச்சத்தைச் சொல்ல அவர் விடவில்லை.

"அப்ப குழாயை அறுத்து, நடுவிலை ஒரு துண்டு வைச்சு ஒட்டுவம். நீளம் கூடினால் சுருதி இறங்கும்."

அறுத்தால் விரலால் வால்வை அமத்தி ஊதுகிற சுரமெல்லாம் பிசகாதா? பிறகு அது பழைய வாத்தியமா, புதியதா?

அடுத்த ஒத்திகையில் கேட்டேன்: "ஊர்வலம் றோட்டாலைதானே போகும் மிஸ்டர்? ஆர்மோனியத்தை ஆர் தூக்கிக் காவுறது?"

"நாலு பேர் காவுவினம். நீ போய்ப் படி."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய குழல் ஊதும் சூசை மாமா, "உந்த வாய்க்கு உன்னை ஊத விட்டிருக்கலாம், பிள்ளை" என்றார். உங்களோடு ஊதினவர், நான் சொல்வது சரியென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன், அப்பா, அவர் மிஸ்டருக்கு முன்னால் வாய் திறக்கிறாரில்லை?

நாளைக் காலை குழல்களை அறுக்கப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். முதலில் உங்களுடையது. அதனால் இன்றைக்குச் செபமாலை முடிந்ததும் கோர்னெற்றை என் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். எங்களுடையதை எடுத்தால் களவா? கோயில் வாசலில் சூசை மாமா பையைப் பார்த்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

அவர்களில் மட்டுமில்லை, என்னிலும் ஆத்திரம் வருகிறது. பாதியைச் சொல்லி அறுக்கிற யோசனையைக் கொடுத்தவளே நான்தானே? மீதியை எல்லோருக்கும் முன்னால் சத்தமாய்ச் சொல்லாமல் விழுங்கினேனே.

விடிந்ததும் சுவாமியிடம் போவேன். குழல்கள் நாலும் இருந்தபடியே இருக்கட்டும், அன்றைக்கு ஆர்மோனியத்தை மூடிவைக்கச் சொல்லுங்கோ என்று கேட்பேன். அம்மா அடித்தாலும்...

கதவைத் தட்டுகிறார்கள். சூசை மாமாவின் குரல். "பிள்ளை, திற. மிஸ்டரும் நிக்கிறார்."

அம்மா எழும்பமுதல் நானே போய்த் திறக்கிறேன். அறுக்கக் கொடுக்கமாட்டேன் அப்பா.

உங்கடை மகள்