அசையாமல் நின்ற கால்

பெரியவனின் அம்மாவுக்கு,

ராக்கெட் தரையில் இறங்கி நிற்பதற்கு நான் வெல்டிங்கில் பற்றவைத்துக் கொடுத்த காலை அறுத்துவிட்டார்கள். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க எனக்கு வரவில்லை. நான் சுகம்தான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன தடவை விட்ட ராக்கெட் இறங்கும்போது சாய்ந்து வெடித்தது, அவ்வளவு உயரம் போனதே பெரிது என்று எல்லோரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை மேலே போய்த் திரும்பி வந்து நான்கு காலில் அசையாமல் நின்றது. மறுநாளே ரம்பத்தோடு வந்துவிட்டார்கள்.

"நின்ன காலை எதுக்கு சார் அறுக்கிறீங்க?" என்றேன்.

"விழுந்தது ஏன்னு தெரியும் பெரியவரே. இது ஏன் நின்னுச்சுன்னுதான் தெரியல," என்றார் இன்ஜினியர்.

"என் வீட்டுக்காரி இத்தனை வருஷமா என்னோட நிக்கிறா. அவளையும் அறுத்துப் பாப்பீங்களா?"

அவர் சிரித்தார். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அது திரும்பினால் நானும் ஊர் திரும்புவேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். இப்போது புதுக் கால் பற்றவைக்க இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. பெரியவன் உன்னை டாக்டரிடம் காட்ட வேண்டும். நீ என் பழைய கண்ணாடியையும் உன் போட்டோ ஒன்றையும் அனுப்ப வேண்டும். அறுத்த துண்டை இன்ஜினியர் என்னிடம் காட்டி விளக்க வேண்டும். அதுவரை புதுக் காலை நான் தொடுவதாக இல்லை. நான் வருவதா இருப்பதா என்பதை நீதான் எழுத வேண்டும்.