சாப்பிட வாடா

அன்பு மகன் ஷாகிருக்கு, சிதம்பரத்திலிருந்து உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், தோஹாவில் நீயும் வெயிலில் அலையாமல் நேரத்துக்குப் பசியாறிச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரி உம்மா சரி உம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிற அசாருதீன் கொண்டுவரும் பொட்டலத்தோடு எழுதி அனுப்புகிறேன், முழுசாகப் படி. உன் உம்மா ஜெயித்துவிட்டேன்டா!

உன் தங்கச்சி சனா குர்ஆன் முழுசும் ஓதி முடித்துவிட்டாள், அதற்கு வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டுமென்று ஒரே பிடிவாதம். பரங்கிப்பேட்டையை விட்டு இங்கே பள்ளிக்கூடம் மாற்றியதிலிருந்து அவளுக்கு ஒரு சிநேகிதி கிடையாது, புதுப்பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்களாம், பேர் சொல்லக்கூட ஆளில்லை. யாரும் வரலைன்னா நான் ஸ்கூலுக்கே போவமாட்டேன் உம்மா என்று அழுதாள். வாப்பா உடனே பிரியாணி, பேக்கரி கேக் என்று கிளம்பினார். சும்மா இருங்க, புள்ளைங்க வயிறு என்ன அண்டாவா, கையக் கடிக்காம நான் பாத்துக்குறேன் என்று அடக்கினேன். நம் ஊர்ப் பலகாரம் வாடாவுக்கு அரிசி மாவைக் காசு அகலத்துக்குக் குட்டி குட்டியாகத் தட்டி, இறால் விற்கிற விலைக்கு அதை விட்டுவிட்டு, சைவப் பிள்ளைகளும் தின்னட்டும் என்று மேலே வெங்காயமும் கேரட்டும் வைத்துப் பொரிப்பது, பொரியில் மாங்காய் கொத்திப் போட்டு பேப்பரைச் சுருட்டிக் கொடுப்பது, பண்ருட்டி உடைந்த முந்திரியில் வெல்ல மிட்டாய், பாட்டில் கூல்டிரிங்சுக்குப் பதில் நன்னாரி சர்பத், அவ்வளவுதான்.

வந்தது வினை. சனா வாப்பாவின் போனில், வகுப்பு வாட்ஸப் குரூப்பில், ஞாயிறு சாயங்காலம் எங்க வீட்ல விருந்து, சாப்பிட வாடா, என்று போட்டுவிட்டாள். பாவம், பலகாரத்தைச் சொன்னாள். அந்தப் பலகாரம் இங்கே யாருக்குத் தெரியும்? அருள்முருகன் என்கிற பையனின் அம்மா, வாப்பா பேரைப் பார்த்துவிட்டு, யாருங்க இந்த ரஃபியுதீன், எங்களையெல்லாம் வாடா போடான்னு கூப்புடுறாரு என்று பொங்கிவிட்டார், நாங்கள் வரவில்லை என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்கிற மனுஷன் உன் வாப்பா, போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். சனா சாப்பிடவே இல்லை. நான் விடுவேனா? மறுநாள் சுடச்சுட வாடா பொரித்து டிபன் பாக்சில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே போய் அந்த அம்மாவிடம் நீட்டி, இதாங்க அந்த வாடா, எங்க வீட்டுக்காரரு உங்கள வாடான்னு சொல்லலீங்க, இதத் தின்னத்தான் கூப்புட்டோம் என்றேன். ஒன்றைக் கடித்தார், சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அங்கேயே நின்று குரூப்பில் விஷயத்தை எழுதியும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளவில்லை போ! பொரிக்கப் பொரிக்கக் காலி, அருள்முருகனின் அம்மாவே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் நின்று மாவு தட்டினார். வாப்பா வாசலை விட்டு நகரவில்லை, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் வாங்க வாங்க என்று ஜாஸ்தியாகவே மரியாதை. கிளம்பும்போது பிரிசில்லா என்கிற பொண்ணு தெருவிலிருந்து திரும்பி, சனா, நாளைக்கு எம் பக்கத்துல இடம் போட்டு வெக்கிறேன், சீக்கிரம் வாடி என்று கத்தினாள் பாரு, எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். திங்கட்கிழமை நான் எழுப்பாமலே எழுந்து தலை வாரிக்கொண்டு நிற்கிறாள் உன் தங்கச்சி.

பொட்டலத்தில் முந்திரி மிட்டாய் இருக்கிறது, ரூமில் இருக்கிறவர்களுக்கும் கொடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், ஆமீன். வெள்ளிக்கிழமை மறக்காமல் சனாவுக்கு போன் போடு, விருந்துக் கதையை அவள் வாயாலேயே சொல்லட்டும், நீ ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுக்கொள்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் உம்மா,
சைதுன் பீவி