நூற்று இருபத்திரண்டு கிலோமீட்டர்

மார்ச் 3, ஞாயிறு

டயர் காற்று சரி. என்ஜின் ஆயில் சரி. ஓடிய தூரம் 21,340. ஓய்வு பெற்ற கையோடு இந்த மஞ்சள் டர்போ வண்டியை செகண்ட்ஹேண்டாக வாங்கிப் பதினோரு மாதம். ஒரு ஞாயிறுகூட நான் இந்தச் சோதனையைத் தவறவிட்டதில்லை.

சாதியா செடிக்குத் தண்ணீர் விட்டபடி, "கட்டின பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரையோட சரி. அதுக்கு மட்டும் வாராவாரம் வைத்தியம்" என்றாள். அவள் இன்னும் அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. "அம்பத்தேழு வயசுல ரெண்டு கதவு வண்டி! பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க."

சிரிக்கட்டும்.

மார்ச் 6, புதன்

எல்லாப் புதனும்போல் ரயிலில் தைப்பிங் போய் அண்ணனைப் பார்த்தேன். வண்டியில் போகலாம்தான். ஆனால் அவர் வீட்டு மாமரம் பிசின் சொட்டும்.

அண்ணன் இரண்டு முறை "நீங்க யாரு?" என்றார். கிளம்பும்போது, "கமாருல், வண்டி எப்படி ஓடுது?" என்றார். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

21,471?

இந்த வாரம் நான் ஓட்டியது வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்வந்த ஒன்பது கிலோமீட்டர். மீதி 122? போன வாரம் தப்பாக எழுதியிருப்பேன்.

மார்ச் 17, ஞாயிறு

21,602. மறுபடியும் அதே 122.

தப்பாக எழுதவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் போன வாரம் எழுதினேன். அப்படியென்றால் — எங்கடா போயிட்டு வந்தே, கமாருல்? போனதே ஞாபகம் இல்லையே! அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். நாங்கள் சிரித்தோம்.

சாதியாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, திங்கள்

டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று. ஏப்ரல் 2.

மார்ச் 25, திங்கள்

ஆறு மாதப் பராமரிப்பு நாள். நேற்றும் 122தான் கூடியிருந்தது. சியூ லான் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். ஈப்போவில் இந்த வண்டியை நான் நம்பி விடுவது அந்தப் பெண்ணிடம் மட்டும்தான். சக்கரத்தைக் கழற்றியவள் ஒரு விசில் அடித்தாள்.

"அங்கிள், நீங்க பெரிய ஆளு லா! பள்ளிவாசலுக்குப் போற பிரேக்கா இது? இதெல்லாம் மலை இறங்கின பிரேக். டயரைப் பாருங்க, ரெண்டு ஓரமும் ஒரே சீரா தேஞ்சிருக்கு. சும்மா சொல்லக்கூடாது, அருமையா ஓட்டறீங்க!"

"நான் ஓட்டலம்மா" என்றேன். "ஓட்டியிருந்தாலும்... எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ அங்கிள்! உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல. புதன்கிழமை புதன்கிழமை ஆன்ட்டிதான் வராங்க. இங்க காத்து பாத்துட்டு நேரா மலைக்கு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. அதான் தெரியாத மாதிரி உங்களப் புகழ்ந்தேன். போச்சு, உடைச்சிட்டேன்!"

அங்கிருந்த எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். அவள் ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "போக அறுபத்தொண்ணு, வர அறுபத்தொண்ணு. மலைமேல கம்போங் ராஜா வரைக்கும் போனியா?" என்றேன்.

சாதியா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "சியூ லான் வாயில ஒண்ணும் நிக்காது. ஆமா, போனேன். வாரம் ஒரு தடவையாவது என்ஜின் நல்லா சூடாகி ஓடணும்னு தெனம் பாடம் நடத்தினது யாரு? உங்கள நம்பியிருந்தா அது பள்ளிவாசல் போய்ப் போயே துருப்பிடிச்சிருக்கும். ஒரு புதன்கிழமை சும்மா தெருமுனை வரைக்கும்தான் எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தெருமுனை போதல. பதினெட்டு வயசுல அப்பாவோட முட்டைக்கோஸ் லாரிய தாப்பா மலை ரோட்டுல இறக்கினவ நான். உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது. முப்பத்தோரு வருஷமாகத் தெரியாது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"பதினோரு மாசம் திட்டிட்டு, எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?"

டாக்டரிடம் நேரம் வாங்கியதைச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயக் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்று அவளும் அதையே கேட்டாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

டாக்டர்: நினைவாற்றல் நன்றாக இருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள். சாதியாவும் கூட வந்தாள். வண்டியை அவள்தான் ஓட்டினாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

டயர் காற்றை அவள் பார்த்தாள், நான் எழுதினேன். முன் டயரில் ஒரு புள்ளி குறைத்துவைத்தால் வளைவில் பிடிப்பு நன்றாக இருக்குமாம். இருபது நிமிடம் சண்டை. குறைத்தோம்.

ஏப்ரல் 20, சனி

புது பிரேக், புது பிரேக் ஆயில். அடுத்த வாரம் செப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டும் நாளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். சியூ லான் தன் நண்பர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். "ஆன்ட்டியப் பாக்கணும் லா, அதான்!"

ஏப்ரல் 27, சனி

செப்பாங். நல்ல வெயில். முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாதியா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பக்கத்து இருக்கையில். முதல் வளைவில் என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. மூன்றாவது சுற்றில் என்னையறியாமல் கத்திக்கொண்டிருந்தேன். பயத்தில் இல்லை.

உள்ளே வந்து நிறுத்தினாள். நேரத்தைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னங்க, கோவிச்சுக்காம கொஞ்சம் இறங்குங்க. உங்க எடை ரெண்டு செகண்டைத் திங்குது."

இறங்கினேன். அடுத்த சுற்றில் இரண்டேகால் செகண்ட் குறைந்தது.