தாயத்துக் கயிறு

எடப்பாடி,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மாமாவுக்கு,

நானும் நம் பாப்பா மோனிஷாவும் நல்லாயிருக்கிறோம். இதை முதலில் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். போனில் சொன்னால் நீங்கள் போர் போடுகிற ரிக் வண்டிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழும். மீதியை நீங்களே கற்பனை பண்ணிக்கொண்டு சட்டீஸ்கரிலிருந்து பஸ் ஏறிவிடுவீர்கள். அதனால்தான் பைப் ஏற்றிக்கொண்டு அங்கே வரும் கதிர்வேல் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அனிதாவும் நானும் மோனிஷாவைப் பார்க்குக்குக் கூட்டிப்போனோம். நம் பள்ளிக்கூடத்து இரும்புச் சறுக்கு மரம் ஞாபகம் இருக்கிறதா மாமா? வெயிலில் தோசைக்கல்லாட்டம் காயும். நீங்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றி ஆறவைத்துவிட்டு, கீழே மணலில் நின்றுகொண்டு, நான் இருக்கறேன், பயப்படாம வா புள்ள என்று கத்துவீர்கள். எனக்கு ஒரு பயமும் கிடையாது. உங்களை நிற்க வைக்கத்தான் மேலே உட்கார்ந்து அழுவேன். அடடா, அது என்ன சுகமான காலம்! இப்போது எல்லாம் கலர் பிளாஸ்டிக் சறுக்கு. பார்க்கவே மெத்துமெத்தென்று இருக்கிறது.

பாப்பா மேலேயிருந்து சறுக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். சத்தமே வரவில்லை. நீங்கள் கட்டிவிட்ட தாயத்துக் கயிறு கைப்பிடி போல்ட்டில் மாட்டிக் கழுத்தை இறுக்கியிருந்தது. ஓடி ஏறி அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கயிற்றை இழுத்தேன், பல்லால் கடித்தேன், அறுந்தால்தானே! கோயில் கயிறு அடிக்கடி அறுகிறது என்று ரிக் கயிற்றிலிருந்து நைலான் புரியைப் பிரித்து முறுக்கிக் கட்டினீர்களே! யானை இழுத்தாலும் அறாது என்று பெருமை வேறு. அனிதா தறி ஓட்டுகிறவள், நூல் வெட்டும் கத்தரியைப் பர்ஸிலேயே வைத்திருப்பாள். அதை வைத்து வெட்டி எடுத்தாள். அவள் மட்டும் கூட வராமல் இருந்திருந்தால்... ஐயோ, எழுதவே கை வரவில்லை மாமா.

டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். விளையாடுகிற பிள்ளைக்குக் கழுத்தில் கயிறு, மணி, துப்பட்டா எதுவுமே ஆகாதாம். சிவந்த கோடும் மறைந்துவிட்டது. பார்க் வாட்ச்மேனிடம் சண்டை போட்டு அந்த போல்ட்டுக்கு மூடி போட வைத்துவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியாததா!

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான் இல்லாதப்போ இதாவது புள்ள கூட இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே நீங்கள் முடிச்சுப் போட்டது ஞாபகம் வந்தது. கோபமெல்லாம் போய் அழுகைதான் வந்தது. தாயத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற மெஷின் பக்கத்தில் நிற்கிறவர், கழுத்தில் மட்டும் போடாதீர்கள். சட்டைப் பையில் இருக்கட்டும்.

மோனிஷா இப்போது சறுக்கு மரத்தைக் கண்டாலே என் சேலைக்குள் ஒளிகிறாள். நேற்று மெதுவாக ஏற்றிவிட்டு, கீழே நின்று கையை நீட்டினேன். நான் வேண்டாமாம், அப்பா நின்றால்தான் வருவாளாம். அழுதவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மழைக்கு வண்டி நின்றதும் எல்லோரும் ஊருக்குத் திரும்புவார்கள். நீங்கள் மட்டும் அங்கேயே வண்டி ரிப்பேர் ஷெட் வேலைக்கு நின்றுகொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம் மாமா, இந்த மழைக்கு வந்துவிடுங்கள். வந்து கீழே நில்லுங்கள். மேலே உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பது பாப்பா மட்டும் இல்லை.

காளியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் புள்ள,
சுகன்யா