மோரலி என்ற சொல்

திகாம் பத்து,
ஆனி மாதம்.

தம்பி தேவனுக்கு அண்ணன் காளிதாசன் எழுதுவது. ஜொகூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். போன் போட்டால் என் குரல் உயர்ந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

தோட்டக் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. என் பிடிவாதம்தான் ஜெயித்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஷம்சுதீன் கடையிலும் சொன்னேன். கோயில் விஷயமாக மேனேஜரோடு நாம் பேசிய அன்றைய கூட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் அவர்தானே. “காளியண்ணே, போதும்லா. அண்ணன்கிட்ட நெலத்துக்குக் கிராண்டு பத்திரம் இல்ல, ஆனா ஞாயம் அவரு பக்கம்னு மேனேஜர் மொகத்துக்கு நேரா இங்கிலீஸ்ல பேசுனது ஒங்க தம்பி. அவரையே வெளிய போடான்னு வெரட்டிட்டீங்க” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த இங்கிலீஷ் பேச்சில் என்னை நீ “மோரலி ரைட்” என்றாய். மோரலி எனக்குப் புரியவில்லை. கையோடு கொண்டுவந்த அகராதியை அங்கேயே புரட்டினேன். இரண்டு பொருள் போட்டிருந்தது. முதலாவது, அறத்தின்படி. இரண்டாவது, ஏறக்குறைய. நான் சொல்வது ஏறக்குறையத்தான் சரி என்று அந்நியன் முன்னால் என்னைக் குறைத்துவிட்டாய் என்று நினைத்தேன். முதலாவதையும் படித்தேன், தேவா. என்னைப் பற்றி நீ அப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீயும் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போனதால்தான் நீ இங்கிலீஷ் படித்தாய். அதை இப்போதும் சொல்வேன்.

நேற்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். லத்தீனில் வழக்கம் என்று பொருள்படும் சொல்லாம். மனிதர் நடந்துகொள்ளும் முறையே பிறகு அறம் ஆகியிருக்கிறது. நம் ஒழுக்கம் ஒழுகுவதிலிருந்து வந்த மாதிரி. உன் அண்ணி பாப்பம்மா எட்டிப் பார்த்து, “தம்பிய வெரட்டிட்டு பொஸ்தகத்துல என்ன தேடுறீங்க?” என்று கேட்டாள். அகராதியை மூடிவைத்தேன்.

ஆடியில் கூழ் ஊற்றுகிறோம். அண்டாவை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு காதைப் பிடித்துச் சன்னதிக்குத் தூக்கி வருவது நம் வீட்டு வழக்கம். கோயில் தலைவர் அழகேசன், இந்த வருசம் வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். நீ வராவிட்டால் அண்டா அடுப்பிலேயே இருக்கும்.

மாரியம்மன் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஏறக்குறைய உன் அண்ணன்,
காளிதாசன்